குசினித் துண்டில் தொடங்குங்கள்: எட்டு மேசைக் கடைக்கு ஒரு சொந்த ஓடர் முறை

நீங்கள் கேட்டது இது: யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட எட்டு மேசையுடன் ஒரு சாப்பாட்டுக் கடை. வெயிட்டர் எழுதும் துண்டால் குசினியில் தினமும் தகராறு. ஆயத்தமாக விற்கும் முறைகளுக்கு மாதா மாதம் பணம் கட்ட வசதியில்லை. வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்று கிடக்கிறது. தம்பி பைதான் படித்திருக்கிறார். போனில் ஓடர் எடுத்து, குசினியிலும் காசு மேசையிலும் தமிழில் அச்சடிக்கும் முறையைக் குறைந்த செலவில் நாமே செய்துகொள்ளலாமா? மேசையில் கியூஆர் குறியீடு ஒட்டி, சாப்பிட வருபவரையே ஓடர் கொடுக்க விடலாமா?

செய்யலாம். கொக்குவிலில் என் அக்கா நடத்தும் கடைக்கு நான் செய்து கொடுத்தது மூன்று வருடமாக ஓடுகிறது. ஆனால் முதல் தடவை தலைகீழாகத் தொடங்கினேன். பில்லைத்தான் முதலில் செய்தேன். கடையின் பெயர், தொலைபேசி இலக்கம், கீழே ‘நன்றி, மீண்டும் வருக’ என்று எல்லாம் வடிவாக அச்சாகி வந்தன. குசினியில் சண்டை அப்படியே இருந்தது. பில் பிழைத்தால் காசு மேசையில் கூட்டிக் கழித்துத் திருத்திவிடலாம். குசினித் துண்டு பிழைத்தால் கோழிக் கொத்து கேட்டவருக்கு முட்டைக் கொத்து வருகிறது. அதைத் திருத்த இறைச்சி வேண்டும், ரொட்டி வேண்டும், பத்து நிமிடம் வேண்டும். ஆகவே முதல் மாதம் குசினித் துண்டு மட்டும். பில்லை வழமைபோல் கொப்பியில் எழுதுங்கள்.

எதையும் வாங்குவதற்கு முன், பிழைத்துப்போன ஓடர்களின் துண்டுகளை இரண்டு நாளுக்கு ஒரு கம்பியில் குத்தி வையுங்கள். நான் அப்படிச் செய்தபோது, கையெழுத்து விளங்காமல் பிழைத்தவை சிலதான். பெரும்பாலானவற்றுக்குத் துண்டே இல்லை. ‘இன்னும் இரண்டு ரொட்டி’, ‘ஒரு பிளேன்ரீயும் தாருங்கள்’ என்று பாதிச் சாப்பாட்டில் கேட்டவை. வெயிட்டர் குசினி வாசலில் நின்று கத்திவிட்டுப் போயிருந்தார். அவை பில்லிலும் ஏறவில்லை. அதற்குப் பிறகுதான் திரையின் அமைப்பையே மாற்றினேன். போனைத் திறந்தவுடன் எட்டு மேசைகளும் தெரியும். ஆட்கள் இருக்கும் மேசையைத் தொட்டால் ‘மேலும்’ என்ற பொத்தான்தான் முதலில் வரும். புதிய ஓடரைவிட மேலதிக ஓடர் சுலபமாக இருக்கவேண்டும். சுலபமாக இல்லாவிட்டால் வெயிட்டர் மறுபடியும் கத்தத் தொடங்கிவிடுவார். அவரைக் குறைசொல்லவும் முடியாது.

இனிப் பொருட்கள். மடிக்கணினி ஒன்று, றவுட்டர் ஒன்று, வெயிட்டர்களின் போன்கள், அச்சுப்பொறிகள் இரண்டு. செலவில் பெரும்பங்கு அச்சுப்பொறிகளுக்குத்தான் போகும். இணையம் தேவையில்லை. போன்கள் றவுட்டரின் வைஃபை வழியாக மடிக்கணினியைப் பிடிக்கின்றன, மடிக்கணினி அச்சுப்பொறிக்கு அனுப்புகிறது, எல்லாம் கடைச் சுவருக்குள்ளேயே முடிந்துவிடும். உங்கள் தம்பி அநேகமாக ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினியை வாங்கலாம் என்பார். நானும் அதில்தான் தொடங்கினேன். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அதன் எஸ்டி அட்டை கெட்டுவிடுகிறது. அதோடு, பை 4 வரையான மாதிரிகளில் மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் கிடையாது. இணையம் இல்லாமல் மீண்டும் எழும்பினால் பழைய நேரத்தையே பிடித்துக்கொள்ளும். மத்தியானச் சோற்றுக்கு விடியற்காலை நேரம் போட்ட துண்டு வந்ததைப் பார்த்துச் சமையற்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பழைய மடிக்கணினிக்குள் பட்டறியும் இருக்கிறது, கடிகாரமும் இருக்கிறது. பட்டறி அரை மணி நேரமாவது தாங்குகிறதா என்று பாருங்கள். மூடியைச் சாத்தினால் உறங்காதபடி அமைத்துவிடுங்கள்.

அச்சுப்பொறியில் கவனிக்கவேண்டியவை அகலமும் இணைப்பும். 58 மில்லிமீற்றர் கடதாசியில் அச்சாகும் அகலம் 48 மில்லிமீற்றர், அதாவது 384 புள்ளிகள். 80 மில்லிமீற்றர் கடதாசியில் 72 மில்லிமீற்றர், 576 புள்ளிகள். ‘ஆட்டிறைச்சிக் கொத்து, உறைப்புக் குறைவு’ என்று பெரிய எழுத்தில் ஒரே வரியில் வரவேண்டுமானால் 80 வேண்டும். சிறியது மலிவு என்பதற்காகக் குசினிக்கு அதை வாங்காதீர்கள். இணைப்பில் ஈதர்நெட், அதாவது றவுட்டரோடு கம்பியால் இணையும் வசதி, உள்ளதையே தேடுங்கள். புளூடூத் அச்சுப்பொறி பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு போனோடுதான் பேசும். அந்தப் போன்காரர் வெளியில் போனால் குசினி ஊமையாகிவிடும். யுஎஸ்பி காசு மேசைக்குப் போதும். ஈதர்நெட் அச்சுப்பொறிக்கு றவுட்டரில் நிலையான ஐபி முகவரி கொடுத்துவிட்டால், 9100 என்ற துறைக்கு (port) அனுப்பும் எதையும் அது அச்சடிக்கும்.

எதையும், யார் அனுப்பினாலும். அந்தத் துறைக்குக் கடவுச்சொல் கிடையாது. வாடிக்கையாளர்களுக்கும் அதே வைஃபையைக் கொடுத்திருந்த காலத்தில், ஒரு மாலை ‘மேசை 99, யானைக் கொத்து 1’ என்று துண்டு வந்தது. மூலை மேசையில் நான்கு மாணவர்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் இருந்தார்கள். உங்கள் கடை பல்கலைக்கழகத்துக்கு இன்னும் கிட்ட இருக்கிறது, ஆகவே விருந்தினர் வைஃபையை முதல் நாளே தனியாகப் பிரித்துவிடுங்கள்.

தமிழில் அச்சடிப்பதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி. பலர் கைவிடுவதும் இங்கேதான். இந்த அச்சுப்பொறிகள் எப்சன் நிறுவனம் உருவாக்கிய ஈஎஸ்சி-பிஓஎஸ் என்ற கட்டளை மொழியைப் பேசுகின்றன. ஆங்கில எழுத்துகளை அனுப்பினால் தன்னிடம் உள்ள எழுத்துருவால் உடனே அச்சடிக்கும். நாம் வாங்கக்கூடிய மலிவான பொறிகளுக்குள் தமிழ் எழுத்துரு இருக்காது. யூனிகோட் தமிழை அப்படியே அனுப்பினால் கேள்விக்குறிகளோ சீன எழுத்துகளோ வரும். வழி ஒன்றுதான்: துண்டு முழுவதையும் மடிக்கணினியிலேயே படமாக வரைந்து, அந்தப் படத்தை அனுப்புவது. பைதானில் பில்லோ என்ற நூலகம் வரையும், பைதான்-ஈஎஸ்சிபிஓஎஸ் என்ற நூலகம் அனுப்பும்.

வரைவதில் மூன்று குழிகள் இருக்கின்றன. மூன்றிலும் நான் விழுந்திருக்கிறேன்.

முதலாவது, ‘கொத்து’ என்ற சொல். ‘கொ’வில் கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் வரவேண்டும். கணினி சேமித்து வைத்திருப்பது ககரத்தையும், அதற்குப் பின்னால் ஒகரக் குறியையும். அதைப் பிரித்து இரு பக்கமும் சரியாக வைப்பது எழுத்துக் கோர்ப்பு (text shaping) என்ற தனி வேலை. பில்லோ தன் அடிப்படை முறையில் அதைச் செய்யாது. கொம்பு இடம் மாறி நிற்கும். ராக்ம் என்ற துணை நூலகமும் அதற்குத் தேவையான ஃபிரிபிடியும் இருந்தால்தான் சரியாக வரும். அவை இருக்கின்றனவா என்று பில்லோவிடம் ஒரு வரியில் கேட்கலாம். தம்பி நிரல் எழுத உட்காருவதற்கு முன்பே கேட்கட்டும். இங்கே சிலர் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்: பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்துவிடு, அதற்குக் கோர்ப்பு வேலை தேவையில்லை என்று. உண்மைதான், அச்சில் சரியாக வரும். ஆனால் பாமினி எழுத்துரு இல்லாத இடத்தில் பார்த்தால் உங்கள் உணவுப் பட்டியல் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பை. போன் திரையில் காட்டவும் முடியாது, தேடவும் முடியாது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவில் தடித்த வடிவத்தை எடுங்கள்.

இரண்டாவது, புள்ளி. வெப்ப அச்சுப்பொறிக்குக் கறுப்பும் வெள்ளையும்தான் தெரியும், சாம்பல் நிறம் தெரியாது. படத்தைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றும்போது பில்லோ, நாம் வேறு சொல்லாவிட்டால், சாம்பல் விளிம்புகளைப் பொடிப்பொடியாகத் தூவிவிடும். புகைப்படத்துக்கு அது நல்லது. எழுத்தில், மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி பொடியோடு பொடியாகக் கரைந்து ‘கொத்து’ ‘கொதது’ ஆகிவிடும். தூவலை நிறுத்திவிட்டு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருண்டதெல்லாம் கறுப்பு, மற்றதெல்லாம் வெள்ளை என்று வெட்டச் சொல்லுங்கள். எழுத்து உயரம் குசினிக்கு 32 புள்ளியாவது இருக்கட்டும். கொத்து அடிப்பவர் ஒரு கை தூரத்திலிருந்து, புகைக்குள்ளால் படிக்கிறார்.

மூன்றாவது, படத்தின் பாரம். 576 புள்ளி என்றால் ஒரு வரிசைக்கு 72 பைட். 600 வரிசை உயரமான துண்டு 43,200 பைட். ஈதர்நெட்டுக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஓடும் பழைய சீரியல் இணைப்பு ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 960 பைட்தான் அனுப்பும். ஒரு துண்டுக்கு முக்கால் நிமிடம் வேண்டும். பழைய பொருள் மலிவாகக் கிடைத்தது என்று யாராவது கொண்டுவந்தால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஈதர்நெட்டிலும் நீளமான படத்தை ஒரேயடியாகத் தள்ளாமல் 100, 150 வரிசைகளாக வெட்டி அனுப்பினால் மலிவுப் பொறிகள் நடுவில் திக்காமல் அச்சடிக்கும்.

துண்டில் என்ன இருக்கவேண்டும்? மேலே மேசை இலக்கம், மிகப் பெரிதாக. அதன் கீழ் நேரமும் வெயிட்டரின் பெயரும். பிறகு எண்ணிக்கை, உணவு, சிறப்புக் குறிப்பு. விலை வேண்டாம், சமையற்காரருக்கு அது எதற்கு? பார்சல் என்றால் அந்தச் சொல்லை வெள்ளை எழுத்தில் கறுப்புப் பட்டையாகப் போடுங்கள், தட்டில் போட்டுவிட்டுப் பிறகு பெட்டிக்கு மாற்றும் வேலை இருக்காது. ஓடரை நிறுத்தினால் பழையதை அழிக்கவேண்டாம்; ‘நிறுத்து’ என்று புதிய துண்டு போகட்டும். குசினியில் ஏற்கெனவே குத்தி வைத்த கடதாசியைத் திரையில் அழித்து என்ன பயன்?

மென்பொருளுக்கு, போனில் தெரியும் பக்கங்களைக் கொடுக்க ஃபிளாஸ்க் என்ற பைதான் நூலகமும், ஓடர்களைச் சேமிக்க எஸ்கியூலைட் என்ற தரவுத்தளமும் போதும். எட்டு மேசைக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஆனால் இரண்டு விடயங்களில் கண்டிப்பாக இருங்கள். ஒன்று, ‘அனுப்பு’ பொத்தானை இரண்டு முறை அழுத்துவது. வைஃபை ஒரு கணம் தயங்கினால் வெயிட்டர் மறுபடியும் அழுத்துவார், நாமும் அப்படித்தான் செய்வோம். இரண்டு கொத்து வெந்துவிடும். போனில் ஓடர் தொடங்கும்போதே அதற்கு ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி அனுப்புங்கள். அதே எண் இரண்டாவது முறை வந்தால் மடிக்கணினி ‘சரி, வந்துவிட்டது’ என்று மட்டும் பதில் சொல்லவேண்டும், அச்சடிக்கக்கூடாது.

மற்றது, அனுப்பியது அச்சானதாக அர்த்தமில்லை. தரவு போய்ச் சேர்ந்துவிட்டது என்று கணினி சொல்லும். அங்கே கடதாசி முடிந்திருக்கும். ஆகவே ஓடரை முதலில் தரவுத்தளத்தில் எழுதுங்கள், பிறகு வரிசையில் வைத்து அச்சடியுங்கள். அச்சுப்பொறியிடம் கடதாசி இருக்கிறதா, மூடி திறந்திருக்கிறதா என்று கேட்க ஈஎஸ்சி-பிஓஎஸ் மொழியிலேயே கட்டளை உண்டு. மலிவுப் பொறிகள் சில ஒழுங்காகப் பதில் சொல்லாது. அதனால் நான் ஒரு பழைய வழியையும் சேர்த்து வைத்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் அன்றைய தொடர் இலக்கம் உண்டு. 41க்குப் பிறகு 43 வந்தால் சமையற்காரரே கேட்பார். அவர் அளவுக்கு நம்பகமான உணரி இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை. மறுபடியும் அச்சடிக்கும் துண்டில் ‘மறுபிரதி’ என்று பெரிதாக இருக்கட்டும்.

குசினி வெப்பம் தனிக் கதை. வெப்பக் கடதாசி சூட்டால் கறுப்பாகும் கடதாசி. கொத்துத் தட்டுக்குப் பக்கத்தில் குத்தி வைத்தால் துண்டே கறுத்து, எழுத்தும் தாளும் ஒன்றாகிவிடும். பெரிய உணவகங்களின் குசினிகளில் எப்சன் டிஎம்-யு220 போன்ற, மைநாடாவில் ஊசியால் அடிக்கும் பொறிகளை வைப்பது இதற்காகத்தான். அவற்றுக்குச் சாதாரணக் கடதாசி போதும். பாவித்த நிலையில் ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் வெப்ப அச்சுப்பொறியை அடுப்பிலிருந்து தள்ளி, பரிமாறும் யன்னல் பக்கம் வையுங்கள். பல வெப்பக் கடதாசிகளில் பிஸ்பினால் என்ற இரசாயனம் சேர்ந்திருப்பதால் துண்டைச் சோற்றின் மேல் போட்டுக் கட்டும் பழக்கம் மட்டும் வேண்டாம். பார்சலுக்கு வெளியே ஒட்டலாம். ‘துண்டு வந்தால் பீப் சத்தம் போடும்’ என்று பெட்டியில் எழுதியிருக்கும். இரண்டு தகடுகள் கொத்து அடிக்கும் சத்தத்தில் அது யாருக்கும் கேட்காது. நான் ஒரு சின்ன விளக்கைச் சேர்த்தேன்.

மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டை அனுபவித்தவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டது. மடிக்கணினி தன் பட்டறியில் நிற்கும். றவுட்டருக்கு 12 வோல்ற்றில் ஓடும் சின்னப் பட்டறிப் பெட்டி போதும். அச்சுப்பொறிகள் பொதுவாக 24 வோல்ற் கேட்பதால் அந்தப் பெட்டியில் ஓடாது. 650 விஏ அளவிலான சாதாரண யுபிஎஸ் ஒன்று அவற்றைக் கொஞ்ச நேரம் தாங்கும். அதுவும் முடிந்தால், கார்பன் வைத்த பழைய கொப்பி காசு மேசை லாச்சிக்குள் இருக்கட்டும். அதை எறியவே வேண்டாம். தரவுத்தளத்தில் வால் (WAL) முறையை, அதாவது மாற்றங்களை முதலில் பக்கத்துக் கோப்பில் எழுதும் முறையைப் போட்டு, ஒத்திசைவை (synchronous) முழுமையாக (FULL) வையுங்கள்; திடீரென்று நின்றாலும் கடைசி ஓடர் தப்பும். இரவில் பிரதி எடுக்கும்போது கோப்பை வெறுமனே நகலெடுக்காமல் எஸ்கியூலைட்டின் பிரதியெடுக்கும் கட்டளையைப் பாவியுங்கள், முதன்மைக் கோப்புக்கு இன்னும் போகாத ஓடர்கள் அந்தப் பக்கத்துக் கோப்பில் நிற்கக்கூடும்.

இரண்டாவது மாதம் பில்லுக்கு வாருங்கள். காசைத் தசமமாக வைக்காமல் சதத்தில் முழு எண்ணாக வையுங்கள். ஓடர் எடுத்த நேரத்து விலையை ஓடரோடேயே எழுதிவிடுங்கள். நாளை விலையை ஏற்றினால் நேற்றைய கணக்கு மாறக்கூடாது. வரி வீதமும் அப்படியே. வற் எனும் பெறுமதி சேர் வரி 2022 ஜூனில் 8 இலிருந்து 12 சதவீதமானது, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. நிரலுக்குள் எண்ணைப் புதைத்து வைத்தவர்கள் இரண்டு வருடத்துக்குள் மூன்று தடவை தோண்டினார்கள். வற் பதிவு இல்லாத கடை பில்லில் வற் என்று ஒரு வரி போடவே கூடாது. வாடிக்கையாளர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி கடமை. வெப்ப அச்சு நாளடைவில் மங்கும் என்பதால் உங்கள் கணக்குக்குத் தரவுத்தளத்தை நம்புங்கள், தாளை அல்ல.

கியூஆர் குறியீடு? இப்போது வேண்டாம். நம் கடைகளில் வருபவர் உட்கார்ந்தவுடன் கேட்பது ‘என்ன இருக்கிறது?’ என்றுதான். வெயிட்டர் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதைவிட வேகமான பட்டியலை நான் எந்தத் திரையிலும் பார்க்கவில்லை. அதற்குப் பதிலாகக் குசினியில் ஒரு பழைய போனைச் சுவரில் மாட்டி, ஒவ்வொரு உணவுக்கும் ‘முடிந்தது’ என்று ஒரு பொத்தான் வையுங்கள். இரவு எட்டரைக்குப் புட்டு தீர்ந்ததும் சமையற்காரர் தொடுவார், எல்லாப் போனிலும் புட்டு சாம்பல் நிறமாகும். அக்கா கடையில் தகராறு பாதியாகக் குறைந்தது இதனால்தான். பிறகு அதிலேயே ‘மச்சம்’ என்று ஒரு பொது ஆளியும் சேர்த்தேன். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் அதை அணைத்துவிட்டால் கோழியும் ஆடும் மீனும் பட்டியலில் இருந்து மறைந்துவிடும்.

தம்பி வெளிநாடு போகும் எண்ணத்தில் இருந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். மத்தியானம் பன்னிரண்டரைக்கு நின்றுபோன முறையைத் திருத்த ஓர் ஆள் வேண்டும். மாதக் கட்டணம் கேட்பவர்கள் விற்பது அதைத்தான். ஆள் இருக்கிறார் என்றால், அச்சுப்பொறி வாங்கக் கடைக்குப் போகும்போது மடிக்கணினியையும் ஒரு கேபிளையும் கையோடு கொண்டுபோங்கள். ‘கோழிக் கொத்து 2, உறைப்புக் குறைவு’ என்ற படத்தை விற்பவர் முன்னாலேயே அச்சடியுங்கள். கொம்பு இடப்பக்கம் நிற்கிறதா, புள்ளிகள் எல்லாம் இருக்கின்றனவா, தாள் நேராக வெட்டுகிறதா என்று பாருங்கள். விற்பவர் பொறுமையிழந்தாலும் அதே துண்டைத் தொடர்ந்து இருபது தடவை ஓடவிடுங்கள். பதினைந்தாவதில் திக்கினால் அடுத்த பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.